பக்கத்து வீட்டு ஆணி

வீடு மாறுகிறவர்கள் புது இடத்தில் முதலில் விசாரிப்பது தண்ணீரை. அடுத்து பஸ், பள்ளிக்கூடம், பால்காரர். எனக்கு இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி உண்டு. வெளியூர் போனால் சாவியை யாரிடம் கொடுப்பது? ஐம்பத்தேழு வயதுக்குள் ஐந்து இடங்களில் குடியிருந்துவிட்டேன். அந்த வீடுகளை நினைத்தால் அறையின் அளவோ வாடகையோ சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை. சாவி தொங்கிய ஆணிதான் வருகிறது. பெரும்பாலும் அது பக்கத்து வீட்டு ஆணி.

பிறந்து வளர்ந்தது மதுரையில், மகால் பக்கத்துச் சந்து ஒன்றில். அந்த வீட்டுக்கு ஆணிகூடத் தேவைப்படவில்லை. திண்டுக்கல் பூட்டு ஒன்று அடுக்களை அலமாரியில் கிடந்தது. அது கதவில் தொங்கி நான் பார்த்ததில்லை. அம்மா கோயிலுக்குக் கிளம்பினால் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எதிர்த் திண்ணையைப் பார்த்து, “பாட்டி, பாத்துக்கங்க” என்பாள். பாட்டி தலை தூக்கமாட்டார். “ம்” என்று மட்டும் சத்தம் வரும்.

தலை தூக்காததற்குக் கையில் இருந்த வேலைதான் காரணம். எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பேர் சௌராஷ்டிரர்கள். ஆண்களுக்குத் தறியும் சாயப்பட்டறையும். பெண்கள் வீட்டிலிருந்தபடியே சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார்கள். மடித்த துணியில் கடுகளவு இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, கை நிற்காமல் அடுத்த புள்ளிக்குப் போவது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. முடிச்சுப் போட்டு முடித்த சேலை பாகற்காய்த் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாகச் சுருங்கி, ஒரு சின்னப் பொட்டலமாகிவிடும். சாயத்தில் முக்கிக் காயவைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். நூல் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விரியும்.

அம்மா இல்லாத நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாட்டி என்னைத் தன் திண்ணையில் உட்காரவைப்பார். புளியோதரை ஒரு கரண்டி கிடைக்கும். எப்போதாவது, சாயம் காய்ந்த துணி வீட்டில் இருந்தால், அதன் ஒரு முனையும் கிடைக்கும். “இழுடா, சோறு திங்கல?” என்பார். அந்தச் சத்தத்துக்காகவே அம்மா அடிக்கடி கோயிலுக்குப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி அச்சுக்குப் போனபோது பிழை பார்த்தவன் நான்தான். அந்தப் பத்தியில் பிழை ஒன்றும் இல்லை. இருந்தாலும் மூன்று முறை படித்தேன்.

எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்போது திருமலை நாயக்கர் மகாலில் இரவுதோறும் ஒலி ஒளிக் காட்சி நடந்துகொண்டிருந்தது. தமிழ்க் காட்சி எட்டு மணிக்கு. சிலப்பதிகாரக் கதையும் அதில் உண்டு. ஒலிபெருக்கிக் குரல் மதில் தாண்டி எங்கள் சந்து வரைக்கும் வரும். “கண்ணகி கத்துறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்” என்பது அம்மாவின் சட்டம். கடிகாரம் பார்க்கத் தெரிந்த பிறகும் எங்கள் சந்துப் பையன்களுக்கு அவள்தான் மணி.

1990-ல் சென்னைக்கு வந்தேன். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. தங்கியது திருவல்லிக்கேணி மேன்ஷனில். எட்டுக்குப் பத்து அறை, மூன்று கட்டில், மூன்று ஆள், ஒரே சாவி. மானேஜர் மேசைக்குப் பின்னால் பலகை, பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஆணி எண் எழுதிய மரக்கட்டையோடு ஒரு சாவி. கட்டையைச் சட்டைப்பையில் போட்டால் பை கிழியும். யாரும் மறதியாக எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று அந்த ஏற்பாடு. நான் இரண்டு முறை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது அறைத் தோழர்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து என் பரம்பரையையே அலசிக்கொண்டிருந்தார்கள்.

மேன்ஷன் வாழ்க்கையைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். விடியற்காலைத் தண்ணீர், கொடிக்கயிற்றில் காணாமல் போகும் பனியன், ரத்னா கபேயில் இட்லி மூழ்க மூழ்க ஊற்றும் சாம்பார், பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் பழைய புத்தகம், எல்லாம் உண்மை. நான் சொல்ல வந்தது 1991 மே 22 பற்றி.

முந்தின நாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார். காலையில் ஊர் மூடிக் கிடந்தது. பஸ் இல்லை, கடை இல்லை, மெஸ் இல்லை. மேன்ஷன்காரனுக்கு மெஸ் இல்லையென்றால் சோறு இல்லை. அடுப்பு வைக்கக்கூடாது என்பது கட்டடத்து விதி. எழுபது எண்பது பேர் மொட்டைமாடிக்கும் வாசலுக்குமாக அலைந்தோம். ஒருவரிடம் அரைப் பாக்கெட் ரொட்டி இருந்தது. அதை அவர் ஒளித்துவைத்துத் தின்ற கதை பிறகு பல வருடம் பேசப்பட்டது. மதியம் கடந்தபின் எதிர்ச் சந்தில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. நாங்கள் மாடியிலிருந்து பார்க்கிறோம் என்று எப்போதும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் வீடு அது. அந்த அம்மாள் எங்கள் மானேஜரிடம் இரண்டு முறை புகார் சொல்லியிருக்கிறார். அன்று அவர் மகன் ஒரு தவலையை இழுத்துக்கொண்டு வந்தான். உள்ளே ரவை உப்புமா. தட்டில்லை; தினத்தாளைக் கிழித்து ஆளுக்கு ஒரு கையளவு. அம்மாள் வாசலில் நின்று, “கூட்டம் போடாதீங்கோ, போலீஸ் வரப்போறது” என்று எங்களை விரட்டிக்கொண்டே பரிமாறச் சொன்னார். கேட்டுச் சாப்பிட்டவர்களும் உண்டு, வெட்கப்பட்டு வாங்காதவர்களும் உண்டு. நான் இரண்டு தரம் வாங்கினேன்.

மறுவாரம் ஜன்னல் பழையபடி சாத்திக்கொண்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்களைப் பிடிக்காமலே எங்களுக்குச் சமைத்தவர் அவர். பிடித்தவர்களுக்குச் சமைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

ரம்ஜான் மாதத்தில் திருவல்லிக்கேணி வேறு ஊராகிவிடும். அந்தி சாயும்போது பள்ளிவாசல் பக்கம் தூக்குப்பாத்திரத்தோடு வரிசை நிற்கும். நோன்புக் கஞ்சிக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை. வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பத்து இருபது ஆண்டு வழக்கம் அல்ல, அதற்கும் மேலாக நடந்து வருவது. முதல் தடவை பார்த்தபோது தலையில் குல்லாய் வைத்துக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறியவர்களைப் பள்ளிவாசல்காரர்கள் என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. நாலு வருடம் அந்தப் பேட்டையில் இருந்துவிட்டு இதுகூடத் தெரியாமல் போயிருப்பேன்.

1994-ல் கல்யாணம். தனி வீடு வேண்டும். மூன்று மாதம் தெருத்தெருவாக அலைந்தபோது வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளை எழுதினால் அது தனிக் கட்டுரை. “நீங்க என்ன ஆளுங்க?” என்று நேராகக் கேட்டவர்கள் பரவாயில்லை. “கவிச்சி உண்டா?” என்று சுற்றி வளைத்துக் கேட்டவர்கள்தான் அதிகம். கடைசியில் ஒரு தெருவில் வீடு கிடைத்தது. தெருவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சுத்தமான தெரு, வேப்பமரம், நல்ல தண்ணீர், வாசலில் பெரிய கோலம். பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதமும் இருந்தோம். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியை நீட்டினேன். “ஐயோ, பொறுப்பு வேண்டாமே” என்றார்கள், ரொம்ப மரியாதையாக. அந்தச் சாவியோடு மதுரை போய், அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் இடுப்பில் அது குத்திக்கொண்டே இருக்க, திரும்பி வந்தேன். ஐந்து இடம் என்றேனே, அதில் இந்தத் தெருவும் சேர்த்தி. நன்றி சொல்லவும் ஒன்று இருக்கிறது: அதை விட்டதனால்தான் பெரம்பூர் போனோம்.

பெரம்பூரில் காம்பவுண்டு வீடு. உள்ளே நுழைந்தால் நடுவில் முற்றம், இரண்டு பக்கமும் ஏழு குடித்தனம், ஒரு அடிபம்பு, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். என் மனைவி முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பேசாததுதான் பயமாக இருந்தது. சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குடித்தனத்து அக்கா வந்து, “சாவி ரெண்டு இருக்குதா? ஒண்ணு எங்கூட்ல மாட்டு. நீ பாட்டுக்கு உள்ள வெச்சிப் பூட்டிக்கினா அப்பால கதவ ஒடைக்கணும்” என்றார். கேட்கவே இல்லை, அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். முருகன் படத்துக்குக் கீழே, நாள்காட்டிக்குப் பின்னால் ஒரு ஆணி. பன்னிரண்டு வருடம் எங்கள் சாவி அங்கேதான் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரருக்கு பின்னி மில்லில் வேலை. பக்கிங்காம் அண்டு கர்நாடிக் மில் என்பது காகிதத்தில். வாய்க்கு அது பின்னி மில். பெரம்பூரில் பாதி வீட்டுக்கு அந்த மில்லின் சங்குதான் சூரியன். மீதி வீட்டுக்கு ரயில்வே பட்டறைச் சங்கு. நாங்கள் போன மறு வருடம், 1996-ல், மில்லை மூடிவிட்டார்கள். அண்ணன் அதற்குப் பிறகும் விடியற்காலையில் எழுந்து சைக்கிளைத் துடைப்பார். துடைத்துவிட்டுச் சுவரில் சாய்த்துவைப்பார். அவ்வளவுதான் வேலை. அக்கா வாசலில் இட்லிக்கடை போட்டார். அந்த இட்லியைப் பெரம்பூரில் யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. கடை ஓடியது, ஏனென்றால் எல்லோருக்கும் அண்ணனைத் தெரியும்.

2003, 2004-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது எங்கள் அடிபம்பு காற்றைத்தான் கக்கியது. லாரித் தண்ணீர்தான். லாரி எந்த மணிக்கு வரும் என்று சொல்லமுடியாது. முதல் நாள் இரவே தெருமுனையில் குடங்கள் வரிசைக்கு நின்றுவிடும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. நகர்த்தினால் சண்டை. பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள். யாருடையது என்று தெரிய நெயில் பாலிஷில் எழுத்து. எனக்கு அப்போது ஒரு நாளிதழில் இரவு வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு வந்து பிணம் மாதிரித் தூங்குவேன். மனைவி ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள். லாரி வரும்போது அக்கா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, தூங்குகிற என்னைத் தாண்டிப் போய் எங்கள் குடங்களை எடுத்து, பிடித்து, டிரம்மில் ஊற்றி, பூட்டிக்கொண்டு போவார். நான் எழுந்தால் டிரம் நிறைந்திருக்கும். அவர் வந்துபோனதற்கு அடையாளம் தரையில் ஈரக் கால்தடம் மட்டும்தான். 2004-ல் வீராணம் ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வந்தது. வீராணத்திலிருந்து வந்ததைப் பற்றி பத்திரிகையில் நிறைய அச்சடித்தோம். தெருமுனையிலிருந்து என் டிரம் வரைக்கும் வந்ததைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன்.

இதையெல்லாம் சொன்னவன் அடுத்ததையும் சொல்லவேண்டும். அந்த வருடமே ஒரு நாள் அலமாரியில் வைத்த ஐந்நூறு ரூபாய் நோட்டைக் காணவில்லை. தேடினேன். வீட்டுக்குள் நாங்கள் இல்லாதபோது வருகிறவர் ஒருவர்தான். அக்காவிடம் நேராகக் கேட்கவில்லை. அந்த அளவு தைரியம் எனக்கு இல்லை. “அக்கா, நேத்து லாரி வந்தப்ப வேற யாராச்சும் உள்ள வந்தாங்களா?” என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாக எனக்கு எண்ணம். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நாள்காட்டி சரசரத்தது. சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“நீயே வெச்சிக்க தம்பி.”

அவ்வளவுதான் சொன்னார். நான்காம் நாள் ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டு பார்க்க க்ரியா அகராதியைப் பிரித்தேன். நோட்டு உள்ளே இருந்தது. பக்க அடையாளத்துக்கு நானே வைத்தது. எந்தச் சொல் இருந்த பக்கம் என்று கேட்காதீர்கள். சொன்னால் கட்டுரைக்காகக் கட்டியது என்பீர்கள். மனைவி, “நீங்களே போய்ச் சொல்லுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனேன். அக்கா மாவாட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்தபிறகும் கிரைண்டரை நிறுத்தவில்லை. அண்ணன்தான், “வுடு, துட்டு காணாம்னா யாருக்கும் அப்டித்தான் தோணும்” என்றார். வேலை போய் எட்டு வருடம் ஆன மனிதர். சாவி திரும்ப ஆணிக்குப் போக இரண்டு வாரம் ஆயிற்று. அதுவும் என் மகளால். பள்ளி விட்டு வந்து பூட்டிய கதவின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்கா என்னைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே கையை நீட்டினார். கொடுத்தேன்.

மகள் அக்கா வீட்டில் வளர்ந்தவள்தான். மதுரைப் பாட்டியிடம் போனில் முதல் முதலாகப் பேசியபோது, “இன்னா ஆயா, நல்லா கீறியா?” என்றாள். அம்மா அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, “கண்ணகி ஊரு புள்ளையாடா அது?” என்று கேட்டாள்.

2007-ல் கடன் வாங்கி ஜாபர்கான்பேட்டையில் அடுக்ககத்தில் வீடு வாங்கினோம். முதல் மாடி. மூன்றாம் மாடிக்காரருக்கும் எனக்கும் வண்டி நிறுத்துகிற இடம் பற்றி ஒரு தகராறு. சுவரில் கோடு போட்டு, கோட்டை அழித்து, சங்கக் கூட்டத்தில் கத்தி, மூன்று வருடமாக லிஃப்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் செல்போனைப் பார்ப்போம். சாவி வாட்ச்மேனிடம்.

2015 டிசம்பர் 1. பகல் முழுக்க மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கனஅடி திறந்தார்கள் என்று பிறகு படித்தோம். அன்று இரவு எங்களுக்குத் தெரிந்தது படியேறி வந்த அடையாறுதான். மின்சாரம் போயிற்று. போன் போயிற்று. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுவதை டார்ச் அடித்து எண்ணிக்கொண்டிருந்தோம். பதினோராம் படியில் மாடியிலிருந்து குரல்: “சார், இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அம்மாவைக் கூட்டிக்கிட்டு மேல வாங்க.” மூன்றாம் மாடிக்காரர். என் அம்மா அப்போது எங்களோடு இருந்தாள், எண்பது வயது. அவளை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் அவர் வீட்டுக் கட்டிலில் அம்மா, தரையில் நாங்களும் தரைத்தளத்துக் குடும்பங்களும். மழைத் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சிக் குடித்தோம். மூன்றாம் நாள் கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் படகில் வந்து முதியவர்களை இறக்கினார்கள். சமுத்திரத்தில் ஓடுகிற ஃபைபர் படகு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி வளைந்து வந்த காட்சியை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’ அந்த டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. அச்சுத் தொழிலில் இருந்தவன் என்பதால் வெள்ளத்தின் அளவு எனக்கு அதில்தான் உறைத்தது.

வெள்ளம் வடிந்து ஆறு மாதத்தில் வண்டி நிறுத்தும் தகராறு மறுபடி ஆரம்பித்தது. இன்றும் தீரவில்லை, போன மாதம்கூட அவர் ஸ்கூட்டர் என் கோட்டுக்குள் அரையடி வந்திருந்தது. ஆனால் வாட்ச்மேனிடம் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டோம். அது மூன்றாம் மாடி ஷூ ரேக்குக்கு மேலே தொங்குகிறது. அவருடையது எங்கள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில்.

2022-ல் மகளுக்குக் கல்யாணம். பெரம்பூர் அக்கா வந்திருந்தார். அண்ணன் இல்லை, அதற்கு முந்தின வருடம் போய்விட்டார். காம்பவுண்டை இடித்து நாலு மாடி கட்டுகிறார்கள், தான் இப்போது மகனோடு மாதவரத்தில் இருப்பதாகச் சொன்னார். மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுச் சுருக்குப்பையில் எதையோ துழாவினார். வெற்றிலை எடுக்கிறார் என்று நினைத்தேன். சாவி. வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரருக்கு எங்கள் கையிலிருந்ததைக் கொடுத்தோம். முருகன் படத்துக்குக் கீழே இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். பித்தளை கறுத்து, நான் கட்டிய நீல நூல் அப்படியே இருந்தது.

“சாமான் கட்டறப்ப கெடச்சிது. வூட்டையே இடிச்சிட்டானுங்க, இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீயே வெச்சிக்க தம்பி” என்றார்.

முன்பு ஒரு முறை இதே சொல்லைச் சொன்னது அக்காவுக்கு ஞாபகம் இருந்ததா, முகத்தில் தெரியவில்லை. “பந்தி எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.